பஞ்சுக் குஞ்சும் சாம்பல் குஞ்சும்

அந்தக் காலத்தில், பறவையும் மனுஷரும் ஒரே பாஷை பேசிய காலத்தில், உப்பளத்தை ஒட்டிய உப்பங்கழியில் பூநாரைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன. ஒரு கோடையில் கழி முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு இறால் பெருகியது. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரைத் துழாவித் துழாவித் தின்றன. தின்னத் தின்னச் சிறகு சிவந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். உள்ளான் குருவி பக்கத்தில் வந்தால்கூட, சிறகில் சேறு தெறிக்கும் என்று விரட்டின.

எல்லாரிலும் சிவந்தவள் செம்பி. நிறம் வந்த பிறகு கூட்டத்தில் முதல் முட்டை இட்டவளும் அவள்தான். சேற்றைக் குவித்துக் கட்டிய மேட்டுக் கூட்டில் அந்த ஒற்றை முட்டையை அவளும் புருஷன் நெட்டையனும் மாறி மாறி அடைகாத்தார்கள். செம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்னைவிடச் செவப்பாப் பொறக்கும், பாருங்க" என்று கழியெங்கும் சொல்லி வைத்திருந்தாள்.

முட்டை உடைந்தது. உள்ளேயிருந்து அடுப்புச் சாம்பல் நிறத்தில் ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது.

"இது நம்ம புள்ள இல்லீங்க. எவளோ முட்டைய மாத்திப்புட்டா."

"நாம ரெண்டு பேரும் இங்கயே கெடந்தோமே, எவ வந்து மாத்துறது?" என்றான் நெட்டையன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். பாவி, செம்பிக்கு அந்த மனசு வரவில்லை. 'என் பிள்ளை எங்கேயோ பசியோடு கிடக்கிறதே' என்று கழி முழுக்கத் தேடி அலைந்தாள். உப்பள வரப்பில் ஒரு பொம்மை கிடந்தது. உப்பு வாரும் அஞ்சம்மாள் தன் மகளுக்காகப் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, இலவம் பஞ்சை அடைத்துத் தைத்துக் கொடுத்த பூநாரைப் பொம்மை. "எஞ் செல்லமே!" என்று செம்பி அதைக் கவ்விக்கொண்டு பறந்து வந்தாள்.

பஞ்சுக் குஞ்சு கூட்டில் ஏறியது. சாம்பல் குஞ்சு கீழே சேற்றுக்குப் போனது.

"அது பொம்ம, செம்பி. மூச்சு வருதா பாரு."

"பயந்து போயி மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கு. நீங்க சத்தம் போடாதீங்க."

நெட்டையன் சாம்பல் குஞ்சுக்கு இறால் கொண்டுவந்தான். பெரியவர்களுடையதைப் போல இன்னும் வளையாத அந்தப் பிஞ்சு அலகால் விழுங்க முடியவில்லை. கழித் தண்ணீரின் உப்பு தொண்டையை எரித்தது. குஞ்சு துவண்டு சாய்ந்தது. மேலே செம்பி இறாலைப் பொறுக்கிப் பொறுக்கிப் பொம்மையின் முன்னால் குவித்தாள்.

"தின்னு கண்ணு. ஒரே ஒரு வாய் தின்னு."

பொழுது சாய்ந்தது, விடிந்தது. பொம்மை வாய் திறக்கவில்லை. செத்துப் போய்விடுமோ என்று செம்பிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அந்தத் தவிப்பிலே தொண்டைக்குள் என்னவோ சுரந்தது. ரத்தம் போலச் சிவந்த பால், அலகு வழியே சொட்டிப் பொம்மையின் மேல் விழுந்தது. அங்கிருந்து வழிந்து கூட்டின் சரிவில் இறங்கியது.

சாம்பல் குஞ்சு தலையைத் தூக்கியது. வழிந்ததை உறிஞ்சியது. பிறகு தட்டுத் தடுமாறி மேட்டில் ஏறி, பொம்மையை மிதித்துக்கொண்டு நின்று, செம்பியின் அலகோடு தன் அலகை வைத்துக் குடித்தது. தள்ளிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு அவளால் அசைய முடியவில்லை. குஞ்சு குடிக்கக் குடிக்கப் பால் ஊறிக்கொண்டே இருந்தது.

"செம்பி, போதும் நிறுத்து! ஒஞ் செறகு வெளுக்குது பாரு!" என்று நெட்டையன் பதறினான்.

குனிந்து பார்த்தாள். நெஞ்சு இறகெல்லாம் வெள்ளை. கூட்டத்தில் யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள்.

"செத்த இருங்க," என்றாள் செம்பி. "எம் புள்ளைக்கு இன்னும் பசி அடங்கல."

நெட்டையன் பக்கத்தில் வந்து தன் அலகையும் திறந்தான்.

அன்று முதல்தான் பூநாரை, தாயும் தகப்பனுமாகக் குஞ்சுக்குச் சிவப்புப் பால் கொடுத்துக் கொடுத்து நிறம் வெளுத்துப் போகிறது. கழியோரம் வெளுத்த பூநாரை ஒன்றைக் கண்டால் சீக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் காலடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று வயிறு நிறைந்து நிற்கும்.