மானிட்டரின் கச்சேரி

குறைமாதக் குழந்தைகளுக்கான ஒரு வார்டில் ஒரு கண்ணாடிப் பெட்டியும், அதன் தலைமாட்டில் ஒரு மானிட்டரும் குடியிருந்தன. பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பெண் குழந்தை. பாவம், நடுநடுவே மூச்சுவிட மறந்துபோகும். உடனே மானிட்டர் "கீ... கீ..." என்று அலறும். நர்ஸ் வள்ளிமயில் ஓடி வந்து குழந்தையின் பாதத்தைச் சுண்டுவார். மூச்சு திரும்பிவிடும்.

இதில் மானிட்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் வாயைத் திறந்தா டாக்டரே விழுந்தடிச்சு ஓடி வர்றார். எந்தப் பாடகருக்கு இந்த மரியாதை கிடைக்கும்?"

"உன் பாட்டைக் கேக்க வரலடா, நிறுத்த வர்றாங்க" என்றது பெட்டி.

அன்று காலை டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்: "இன்னைக்கும் இப்படியே மறந்துட்டே இருந்தா, சாயந்திரம் மறுபடி தொண்டையில மூச்சுக் குழாய் போட வேண்டியதுதான்."

வாசலில் நின்ற தாய் பெனிலா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வள்ளிமயிலுக்கு மனசு கேட்கவில்லை. இசை கேட்டால் மூச்சு சீராகும் என்று ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க! வயலின், புல்லாங்குழல் எல்லாம் என் வயித்துக்குள்ள இருக்கு" என்று அலட்டிக்கொண்டே வந்தது அது. ஒரே ஒரு இழுப்பு இழுத்தது. குழந்தை கைகால்களை உதறி முகத்தைச் சுளித்தது.

"கீ... கீ...! பாத்தியா, என்கூடப் போட்டிக்கு வந்தா இதுதான்" என்றது மானிட்டர்.

வள்ளிமயில் ஸ்பீக்கரின் வாயை அடைத்தார். "இந்த எலிக்குஞ்சுக்கு இது திருவிழாச் சத்தம். பெனிலா, நீயே பாடேம்மா."

"ஐயோ சிஸ்டர், எனக்கு வராது. சர்ச்ல கூட வாயை மட்டும்தான் அசைப்பேன். சத்தம் வெளிய வந்தா பக்கத்துல நிக்கறவங்க சிரிப்பாங்க."

"இங்க பக்கத்துல நிக்கறதெல்லாம் மெஷின். அதுங்க சிரிக்காது."

மானிட்டரும் ஸ்பீக்கரும் சிரிக்கத் தயாராக இருந்தன.

வயரோடு குழந்தையை எடுத்து அவள் நெஞ்சில் போட்டார் வள்ளிமயில். பெனிலா கண்ணை மூடி ஆண்டவரை நினைத்துக்கொண்டு, "ம்ம்... ம்ம்..." என்று முனகினாள். பாட்டுமில்லை, வார்த்தையுமில்லை.

"சுருதி சேரல" என்றது ஸ்பீக்கர்.

"தாளமும் போச்சு" என்றது மானிட்டர்.

"சும்மா இருங்கடா" என்றது பெட்டி. "பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அவ முனகினதை இந்தப் பிள்ளை வயித்துக்குள்ள இருந்தே கேட்டிருக்கும்."

அம்மாவின் நெஞ்சு ஏறியது. குழந்தையின் முதுகும் ஏறியது. அது இறங்கியது, இதுவும் இறங்கியது.

இப்போது மறக்கும், இதோ மறக்கும் என்று மானிட்டர் காத்திருந்தது. மத்தியானம் போனது. தொண்டை அரித்தது. கத்த ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. போகப்போக அதன் பச்சைக் கோடும் அந்த முனகலோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தது.

சாயங்காலம் வள்ளிமயில் பதறி ஓடி வந்தார். "என்ன இது, சத்தத்தையே காணோம்? கெட்டுப்போச்சா?" மானிட்டரின் தலையில் ஒரு தட்டு தட்டினார். திரையில் ஓடிய எண்களைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். "குழாய் வேண்டாம்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பெட்டி சும்மா இருக்குமா? "என்ன வித்துவானே, இன்னைக்குக் கச்சேரி இல்லையா?" என்று உரக்கக் கேட்டது.

"உஷ்... சத்தம் போடாதே" என்றது மானிட்டர்.