கிருமிக்குத் தாம்பூலம்

குண்டலப்பட்டியில் அண்ணன் தம்பிகள் நால்வர் இருந்தார்கள். மூத்தவன் பொன்னையனுக்குக் கொஞ்சம் மூளை உண்டு. மற்ற மூவரிடமும் அது மருந்துக்குக்கூடக் கிடையாது. காய்ச்சலும் பொன்னையனுக்கே வந்து தொலைத்தது.

தம்பிகள் எல்லப்பன், காத்தமுத்து, வீரணன் மூவரும் பரிசோதனைக் கூடத்து சகாயமேரியிடம் போய் நின்றார்கள். அண்ணனின் சிறுநீரில் இருந்த கிருமியை அவள் ஒரு சொட்டு ரத்தத்தோடு கண்ணாடித் துண்டில் கலந்து காட்டினாள். ரத்தம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றது.

“இந்தக் கிருமிக்கு உடம்பெல்லாம் மயிர் மாதிரி கை. இந்தக் கையால ஒரு சிவப்பணு, அந்தக் கையால ஒரு சிவப்பணுன்னு பிடிச்சுக்குது. அதான் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. டாக்டர் எழுதின மாத்திரைய வேளைக்கு ஒண்ணா அவர் கையில கொடுங்க. விட்டுட்டீங்கன்னா ஆளு தேறமாட்டார்.”

வீட்டுக்கு வந்து மூவரும் கூடி யோசித்தார்கள்.

“காலிக் கைதானே எதையாவது பிடிக்கும்? அது கைய நிறைச்சுட்டா?” என்றான் எல்லப்பன்.

“தாம்பூலம் கொடுப்போம். ரெண்டு கையாலயும் வாங்கித்தானே ஆகணும்? சிவப்பணு தானா விழுந்துடும்” என்றான் காத்தமுத்து.

“மரியாதை தெரியாத கிருமியா இருந்தா?” என்று கேட்டான் எல்லப்பன்.

வீரணன் வெகுநேரம் யோசித்தான். “பாக்கு கூட ரெண்டு வைப்போம்.”

இரண்டு நாள் தட்டுத் தட்டாக வெற்றிலையை அண்ணன் வாயில் திணித்தார்கள். அவன் சிவப்பாகத் துப்பியதும் “ஐயோ, ரத்தம்!” என்று அலறி, அதைச் செம்பில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

“இது வெத்தலை எச்சில்” என்றாள் சகாயமேரி.

“கட்டி இருக்கா?” என்று கேட்டான் வீரணன்.

“இல்ல.”

“அப்ப வைத்தியம் கேக்குது!”

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. “மாத்திரை கொடுத்தீங்களா?”

“வேளை தவறாம கையில கொடுத்தோம். பத்திரமா வச்சிருக்கார்.”

அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். பொன்னையன் இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. பாவம், சொல்லும்போதே எனக்கு மனசு சங்கடப்படுகிறது. அவள் அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“விடமாட்டேன். கை காலியானா கிருமி அதையும் பிடிச்சுக்குமாம்” என்று முனகினான்.

வேறு வழியில்லாமல் அவள் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். “வணக்கமுங்க!”

மரியாதை தெரிந்த மனிதன், உடனே பதிலுக்குக் கும்பிட்டான். ஆறு மாத்திரையும் பாயில் சிதறின. ஒன்றை எடுத்து அவன் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அதற்குப் பிறகு வேளைக்கு வேளை அவளே வந்து கொடுத்தாள்.

காய்ச்சல் விட்டது. “கிருமி எல்லாம் செத்துப்போச்சு” என்று அவள் சொன்னதுதான் தாமதம், நால்வரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார்கள். கிணற்றடியில் தலைமுழுகினார்கள், மொட்டையும் அடித்துக்கொண்டார்கள்.

பதினைந்தாம் நாள் பொன்னையன் சகாயமேரியைத் தேடி வந்தான்.

“என் உடம்புலயே பிறந்து வளந்ததுங்க. காரியம் நான்தானே செய்யணும்? நாளைக்குக் கருமாதி. அவசியம் வந்துடுங்க.”

“நான் எதுக்குய்யா?” என்றாள் அவள்.

பொன்னையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்து மருந்து கொடுத்தது நீங்கதானேம்மா?”