இரண்டு சீட்டு வண்டி

திருவொற்றியூரில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்ன மடம் இருக்கிறது. அதன் தலைவி திலகவதி அம்மைக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் மூத்தவரான கனகசபாபதிக்கு எழுபது தாண்டிவிட்டது. மணலியில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணைக் குருவாகக் கொண்டதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அவருடைய கூச்சமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. அது பின்னால் வரும்.

வெள்ளிக்கிழமை காலைகளில் பாடம். முடிந்ததும் சந்தேகம் கேட்கலாம். கனகசபாபதி கேட்காத சந்தேகம் கிடையாது. மாயை எங்கிருந்து வந்தது, வினை எப்போது தீரும், உயிருக்கு எடை உண்டா என்று குடைந்து எடுப்பார். மற்றவர்களுக்கோ அது பசி நேரம். "ஐயா எஞ்சினைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாரு" என்று ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒன்றுமே கேட்கவில்லை. எல்லோரும் நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகும் தூண் அருகிலேயே நின்றிருந்தார்.

"என்ன ஐயா?" என்றார் அம்மை.

"ஒரு சந்தேகம்மா. பாடத்துல இல்ல."

"சொல்லுங்க."

"எங்கிட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. கூரை கிடையாது. ரெண்டே சீட்டு. மொத்தமாத் துருப்பிடிச்சுப் போச்சு. அதைச் சரி பண்ணலாமா, இல்ல எடைக்குப் போட்டுடலாமா?"

வேறு ஒரு குருவாக இருந்தால் இந்த உடம்பும் ஒரு வண்டிதான் என்று ஆரம்பித்திருப்பார். அம்மை அப்படி ஆரம்பிக்கவில்லை.

"விவரம் தெரிஞ்சவங்க என்ன சொல்றாங்க?"

"அம்பத்தூர்லேர்ந்து ஒருத்தர் வந்து பார்த்தாரு. பழைய கார்களைப் புதுசாக்கறதுதான் அவர் தொழில். தேறும், ஆனா ரெண்டு வருஷம் ஆகும்னாரு. காயலாங்கடைக்காரர் ஒருத்தர் பார்த்தாரு. தேறவே தேறாது, திங்கட்கிழமை வந்து வெட்டி எடுத்துக்கறேன்னாரு."

"ரெண்டு பேரும் அவங்கவங்க கடையில நின்னு சொல்லியிருக்காங்க."

"அதனாலதான் கடை இல்லாத உங்ககிட்ட வந்தேன்."

அம்மை சிரித்தார். "பார்க்காம எப்படிச் சொல்றது? வாங்க, போகலாம்."

கனகசபாபதி இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தையில் பதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றுதான் இருந்தார். அம்மை அதற்குள் படியிறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தார்.

கனகசபாபதி வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கொட்டகை. தரைக்கு சிமெண்டு போடவில்லை, வெறும் மணல். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. நடுவில் கார் நின்றது. நின்றது என்பதைவிட உட்கார்ந்திருந்தது என்பதுதான் சரி. டயர் நான்கும் காற்றிறங்கி மணலில் புதைந்துபோய், வண்டியின் வயிறு தரையைத் தொடாத குறைதான். நீண்ட மூக்கு, தாழ்ந்து இறங்கும் முதுகு. ஒரு காலத்தில் பார்த்தவர்கள் நின்று பார்த்திருப்பார்கள்.

அம்மை சுற்றி வந்தார். கதவின் கீழ் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. விரல் உள்ளே போய்விட்டது.

"பெயிண்டையே காணோமே?"

"அடிக்கவே இல்லம்மா. அங்கங்க சாம்பல் நிறத்துல தெரியுது பாருங்க, அது ப்ரைமர். பெயிண்டுக்கு முன்னாடி பூசறது."

"அது துருவைத் தடுக்காதா?"

"கொஞ்ச நாளைக்குத் தடுக்கும். ஆனா ப்ரைமர் ஈரத்தைக் குடிக்கும்மா. மேல பெயிண்ட் ஏறினாத்தான் காப்பு. வெறும் ப்ரைமரோட விட்டா, உப்புக் காத்து உள்ள பூந்து தகட்டைத் தின்னுடும்."

"இவ்வளவு தெரிஞ்சவரு ஏன் விட்டீங்க?"

கனகசபாபதி பிடரியைச் சொறிந்துகொண்டார். "கலர் முடிவாகல."

அம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிப் பார்த்தால் மனிதன் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் சொன்னார்.

வண்டியை வாங்கியது இரண்டு பேர். இவரும், இவரோடு வேலை பார்த்த தேவநேசனும். குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி, லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவநேசன் நேராக இங்கே வந்துவிடுவான். சர்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொள்வான். எஞ்சினை இறக்கி ஏற்றினார்கள். ஒடுக்கெடுத்தார்கள். உதிரிக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். வண்டி ஓடக்கூட ஓடியது. ப்ரைமரும் அடித்தாயிற்று. பெயிண்ட் ஒன்றுதான் பாக்கி.

தேவநேசன் பச்சை என்றான். பிறந்தபோது பச்சையாகப் பிறந்த வண்டி, பச்சையாகத்தான் போக வேண்டும் என்றான். கனகசபாபதி சிவப்பு என்றார். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பச்சை அடித்தால் எவன் திரும்பிப் பார்ப்பான் என்றார். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. நாலு ஞாயிறு போனதும் கேலி காணாமல் போய்விட்டது.

"ஒருநாள் நான் ஒரு வார்த்தை விட்டுட்டேன். உனக்குப் பச்சைதான் வேணும்னா உன் பாதிக்கு மட்டும் அடிச்சுக்கோடான்னு. அவன் கையைத் துடைச்சான். ஆணியிலேர்ந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

"அப்புறம்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுவான்னு நான் இருந்தேன். நான் கூப்பிடுவேன்னு அவன் இருந்திருப்பான்."

இரண்டு பேரில் ஒருவர் இறங்கி வந்திருந்தால் போதும். இரண்டு பேருமே எஞ்சினியர்கள், யார் இறங்குவது? இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைப் பலகையைப் படிப்பார், மற்றவர் செல்போனைப் பார்ப்பார். தேவநேசனின் மனைவி இறந்தபோது கனகசபாபதி கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். எல்லோருக்கும் பின்னால் நின்றார். ஒரு பிடி மண் போடக்கூட முன்னால் போகாமல், முகம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டார். அன்று ஏற்பட்ட வெட்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. எத்தனை பாடம் கேட்டும் போகவில்லை.

அம்மை காரின் மூக்கிலிருந்து வால் வரை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்லாத கலரா ஒண்ணை அதுவே எடுத்துக்கிச்சு."

கனகசபாபதியும் பார்த்தார். எங்கும் செம்பழுப்பு. சிரிப்புதான் வந்தது.

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

"இங்கதாம்மா. நாலு தெரு தள்ளி."

"முப்பது வருஷமாத் துருப்பிடிக்குது. இந்த வெள்ளிக்கிழமை என்ன திடீர்னு சந்தேகம்?"

கனகசபாபதி காரின் மேல் கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துக் கீழே போட்டார்.

"அவன் ஞாயித்துக்கிழமை கிளம்பறான். கனடாவுக்கு, பொண்ணுகிட்ட. வீட்டை வித்தாச்சாம். இந்த வயசுல போனா போனதுதான். திரும்பி எங்க வரப்போறான்?"

"ம்."

"அதனால ஒரு யோசனை. இதை நல்லாப் பண்ணி, பச்சை அடிச்சு, நிறுத்தி வச்சு ஒரு போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினா..."

"பச்சையா?"

"பச்சைதாம்மா. அதெல்லாம் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். பத்து வருஷமாவது இருக்கும்."

"யாருக்குத் தெரியும் அது?"

"இப்ப உங்களுக்குத் தெரியும்."

அம்மை மறுபடியும் காரைச் சுற்றி வந்தார். கனகசபாபதியால் பொறுக்க முடியவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. தேறுமா, தேறாதா? தேறும்னா அம்பத்தூர்காரருக்கு இப்பவே போன் போட்டுடறேன். தேறாதுன்னா திங்கட்கிழமை வெட்டிட்டுப் போகட்டும். நானும் இதோட விட்டுடறேன்."

"வண்டியில உங்க பங்கு எவ்வளவு?"

"பாதி."

"உங்க பாதியைப் பத்தி என்கிட்ட கேட்டீங்க. மீதிப் பாதியைப் பத்தி யார் கேக்கறது?"

அம்மை இடப்பக்கக் கதவைப் பிடித்து இழுத்தார். கதவு திறக்கவில்லை. கீலோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அதைப் பதறாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். காலுக்குக் கீழே இருக்க வேண்டிய தகடு எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. பாதம் நேராக மணலில் இறங்கியது.

"அம்மா, சேலையெல்லாம் துருவாயிடும்."

"தோய்ச்சுக்கலாம். நீங்க உட்காருங்க."

அவர் தயங்கித் தயங்கி வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சீட்டில் ஸ்பிரிங்கும் ஒரு கோணித்துண்டும்தான் மிச்சம். ஆனாலும் கை தானாகப் போய் கியர் கம்பியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"எடுங்க" என்றார் அம்மை.

"எங்கம்மா?"

"அவர் வீட்டுக்குத்தான்."

கனகசபாபதி அம்மையின் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை. அவர் முன்னால் திரும்பி, கொட்டகைச் சுவரைச் சாலையாக நினைத்துப் பார்த்தார்.

"கேட்டைத் தாண்டிட்டோம். இடது பக்கம் திரும்பணும். ஐஸ் கம்பெனி வருது. இங்க எப்பவும் தண்ணி நிக்கும், மெதுவாத்தான் போகணும். இப்ப மீன்காரங்க உட்கார்ற இடம். அடுத்தது சர்ச். சர்ச்சைச் சுத்திக்கிட்டு உள்ள போனா மூணாவது வீடு. நீல கேட்டு. முருங்கைக் கிளை ஒண்ணு ரோட்டுக்குத் தொங்கும், தலையைக் குனிஞ்சுக்குங்க."

அம்மை தலையைக் குனிந்துகொண்டார்.

"வழியெல்லாம் நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்களே?"

"தினமும் காலைல வாக்கிங் அந்தப் பக்கம்தாம்மா. சர்ச் முனை வரைக்கும் போவேன்."

"அதுக்கப்புறம்?"

"திரும்பிடுவேன்."

சுவருக்கு அப்பால் ஓர் அலை இரைந்து ஓய்ந்தது. அம்மை கேட்டார்.

"வண்டி நின்னாச்சு. அவர் வாசல்ல நிக்கறார். என்ன சொல்லப்போறீங்க?"

கனகசபாபதி ஸ்டியரிங்கை விடாமல் யோசித்தார். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததில் எதை எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் கையில் ஒன்றுதான் இருந்தது.

"பச்சையே அடிச்சுடலாம்டான்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. அதைச் சொன்னா அவனுக்கு எல்லாம் புரியும்."

"அதைச் சொல்றதுக்கு ரெண்டு வருஷம் ஆகுமா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கத் துரு.

"வெறுங்கையை வீசிக்கிட்டு எப்படிம்மா போறது? வண்டியோட போய் நின்னாலாவது ஒரு மரியாதை இருக்கும். வண்டி இல்லாம நான் எப்படிப் போவேன்?"

அம்மை குனிந்து கீழே பார்த்தார்.

"உங்க கால் எங்க இருக்கு, ஐயா?"

கனகசபாபதியும் குனிந்து பார்த்தார். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவே, தகடு இருந்த இடத்தில், ரப்பர் செருப்போடு இரண்டு பாதங்களும் அழுந்தப் பதிந்திருந்தன.

"மண்ணுல இருக்கும்மா."

"நாலு தெருவுக்கு அது போதும்" என்றார் அம்மை.