மாமரத்துக்கு வந்த ஓலை

இணையத்தில் கணினிகளைச் சேர்க்க வேண்டிய முகவரி எண்களைப் பணக்கார நாடுகள் முன்பே வாரிக்கொண்டதால், ஏழை நாடுகள் இன்று அல்லாடுகின்றன அல்லவா? இதே அநியாயம் முன்னொரு காலத்தில் ஓர் அரசர் ஆண்ட நாட்டிலும் நடந்தது.

வீட்டுக்கு வீடு எண் பொறித்த செப்புத் தகடு வேண்டும் என்று அந்த அரசருக்கு ஒருநாள் ஆசை வந்தது. செம்பு தீர்ந்துபோய், நாலாயிரம் தகடுகளோடு வார்ப்பு நின்றுவிட்டது. தகடு இல்லாத வீட்டுக்கு அஞ்சல்காரன் போகமாட்டான். மந்திரி திருமேனியார் மட்டும் ஆயிரத்தை அள்ளி, வீட்டுக்கு ஒன்று போக மிஞ்சியதை மாமரத்திலும் ஊஞ்சலிலும் தொழுவத்திலும் அடித்துவைத்தார். மீதியை அரண்மனையாரும் பிரபுக்களும் வாரிக்கொண்டார்கள். கடைசியில் வந்த கரட்டூர் மலைக்காரர்களிடம், தகடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஓர் ஆடு வாடகை கேட்டார் மந்திரி. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

கரட்டூர் வெள்ளாத்தாள் அரசவை விகடகவி நல்லாண்டியிடம் வந்து அழுதாள்.

"எம் புருசன் காய்ச்சல்ல கெடக்காருங்க. தகடு இல்லைன்னு வைத்தியசாலை மருந்து ரெண்டு தடவை திரும்பிப் போயிருச்சு. இருக்கறதே ஒரு ஆடு. அதையும் குடுத்துட்டு நாங்க என்னத்தைக் குடிப்போம்?"

நல்லாண்டி நேரே அரசவைக்குப் போனான். சபையில் எழுந்து நியாயம் கேட்டான். மந்திரி ஏளனமாகச் சிரித்தார்.

"அரசே, புதுத் தகடு வார்க்காமல், யாருடைய தகட்டையும் பறிக்காமல், மூன்று நாளில் இவன் கரட்டூருக்கு எண் தரட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

வேடிக்கை பார்க்கும் ஆசையில் அரசரும் தலையாட்டினார்.

"அஞ்சல் சட்டம் அப்படியே நடக்கலாம் அல்லவா, அரசே?" என்று மட்டும் கேட்டான் நல்லாண்டி.

"நடக்கட்டும்."

அது வேலைக்குப் போகும் ஏழைகளை மடக்க மந்திரியே எழுதிய சட்டம். அஞ்சல்காரன் மூன்று முறை கூவுவான். தகட்டுக்கு உரியவரே அங்கே நின்று கைநீட்டி வாங்காவிட்டால், ஆளில்லை என்று தகட்டைக் கழற்றி அரசிடம் சேர்ப்பான்.

மறுநாள் காலை மந்திரியின் ஆயிரம் எண்களுக்கும் நல்லாண்டி அனுப்பிய ஆயிரம் ஓலைகள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் 'நலமா?' என்ற ஒரே சொல். மந்திரி மாமரத்தடியில் ஓலை வாங்குவதற்குள் ஊஞ்சலடியில் இன்னோர் அஞ்சல்காரனின் மூன்றாவது கூவல் முடிந்தது. தொழுவத்துக்கு ஓடிச் சாணத்தில் வழுக்கி விழுந்தார். உச்சிப்பொழுதில் அவரிடம் மிஞ்சியவை ஏழே தகடுகள்.

"பறித்துவிட்டான், அரசே!" என்று அலறினார்.

"நான் தொடவே இல்லை, அரசே. மந்திரியாரின் சட்டம்தான் கழற்றியது. மாமரம் கைநீட்டி வாங்கியிருந்தால் அதற்கே விட்டிருப்போம்."

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், கேள்!"

நல்லாண்டி சிரிக்கவில்லை. "தங்கள் யானைக் கொட்டிலில் இருநூறு தகடுகள் தொங்குகின்றன. எந்த யானைக்கு எங்கிருந்து ஓலை வருகிறது, அரசே?"

அரசரின் முகம் சிவந்தது. பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கொட்டில் தகடுகளையும் சேர்த்து, வாடகை இல்லாமல் மலைக்கு அனுப்பச் சொன்னார்.

அன்று மாலையே கரட்டூரில் மருந்தோடு அஞ்சல்காரன் கூவினான். முதல் கூவல் முடியும் முன்பே வெள்ளாத்தாள் வாசலில் கைநீட்டி நின்றாள்.