இரண்டு வீட்டுத் துப்பாக்கி

கரட்டுப்பட்டியில் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. அதையும் ஊர் முழுசாக ஒருவன் கையில் விட்டுவைக்கவில்லை. துப்பாக்கி சடையாண்டி வீட்டில். வெடிமருந்தும் குண்டும் ஒச்சாயி வீட்டில். பங்காளிச் சண்டையில் பிணம் பிணமாக விழுந்த ஊர், வேறென்ன செய்யும்? காட்டு மிருகம் இறங்கினால் சடையாண்டி கேட்பான், ஒச்சாயி கொடுப்பாள். ஆனால் ஒரு மனுஷனைச் சுடுவேன் என்று சொன்னவனுக்கு மருந்து கிடையாது. மிரட்டப்பட்டவனே நேரில் வந்து, "எனக்குப் பயமில்லை, கொடு" என்றால்தான் உண்டு.

சடையாண்டி நல்லவன்தான், வாய்தான் பொல்லாதது. அன்று காலை வாய்க்கால் தண்ணீருக்காகப் பங்காளி விருமனோடு மல்லுக்கு நின்றவன், ஊரே பார்க்க, "உன்னைச் சுட்டுத் தள்ளுறேனா இல்லையா பாருடா!" என்று கத்திவிட்டு வந்திருந்தான்.

உச்சிவெயிலில் சிறுத்தை இறங்கியது. சடையாண்டியின் மகள் பேச்சி ஆட்டுக் கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டாள். அது கூரையேறி ஓலையைப் பிய்த்தது. விருமன் உட்பட எல்லாரும் கல்லெறிந்தார்கள், தகரத்தைத் தட்டினார்கள். அது அசைகிற வழியாக இல்லை. சடையாண்டி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினான்.

ஒச்சாயி வீடு ஊரின் மறுகோடி. இந்தக் கூச்சல் எதுவும் அங்கே எட்டாது; காலையில் அவன் விட்ட மிரட்டல் மட்டும் அவள் காதுக்கு வந்திருந்தது. அவள் கண்டதெல்லாம் கண் சிவக்கத் துப்பாக்கியோடு ஓடிவரும் ஒருவனைத்தான். கதவைச் சாத்திவிட்டாள்.

"மதினி, மருந்து! பேச்சியைச் சிறுத்தை அடிக்கப் போகுது!"

"விருமனைக் கூட்டிட்டு வாப்பா, தாரேன்."

"அதுக்குள்ள எம்புள்ள செத்துருவாளே! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். உள்ளே ஒச்சாயியும் அழுதாள். கதவு மட்டும் திறக்கவில்லை. காலையில் சொன்ன ஒரு வார்த்தையை இப்போது எப்படி விழுங்குவது? ஐயோ, தன் வாயை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவனுக்கு.

மருந்து கிடைக்காது என்பது கொட்டகையடியில் நின்ற விருமனுக்குத்தான் முதலில் உறைத்தது. மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"குடு மதினி, எனக்குப் பயமில்ல. சந்தேகமா இருந்தா, குழலுக்கு முன்னாடியே நான் ஓடுறேன்."

கதவு திறந்தது. மருந்து கெட்டித்த துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விருமன் ஓட, சடையாண்டி பின்னால் ஓடினான். சிறுத்தை செத்தது. பேச்சி பிழைத்தாள். ஆனால் அதற்குள் அவளுடைய ஒரு கால் போய்விட்டது.

கேட்டவுடன் கொடுத்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும். சொல்லுங்கள், மருந்து கொடுக்காமல் நின்றாளே ஒச்சாயி, அவள் செய்தது சரியா, தப்பா?

விடை: சரிதான். சொல்லவே வயிறு எரிகிறது, ஆனாலும் சரிதான். மகளைக் காப்பாற்ற வருகிறவனும் பங்காளியைக் கொல்ல வருகிறவனும் கதவுக்கு வெளியே ஒரே மாதிரித்தான் கத்துவார்கள். அவள் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டால், நாளைக்குக் கொல்ல வருகிறவனும் அதே அழுகையோடு வந்து நிற்பான். இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷக் கடைசியில், மருந்தை இனி யார் வீட்டில் வைக்கலாம் என்று ஊர் கூடிக் கேட்டது. எல்லாரும் சடையாண்டியைப் பார்த்தார்கள். ஒற்றைக் காலோடு நின்ற பேச்சியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, அவன் ஒச்சாயி வீட்டைக் கைகாட்டினான்.