ஆள்காட்டி கத்தாத மத்தியானம்

மலையடிவாரத்துக் காட்டாற்று மணலில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. கூச்சல் போடுவதற்கென்றே பிறந்த பறவை அது! கோடையில் அந்த ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. நடு ஆற்றில் ஒரு நாணல் புதர் உண்டு. அதன் நிழலில்தான் முயலும் காட்டுப்பன்றியும் மத்தியானத் தூக்கம் போடும்.

அந்த நேரம் பார்த்து மலை உச்சியில் கருமேகம் கூடும். இடி உருளும். மேலே மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். ஆனால் பல நாள் மேகம் சும்மா உறுமிவிட்டுக் கலைந்துபோகும்.

எந்த நாள் எப்படி என்று ஆள்காட்டிக்கும் தெரியாது. இடி கேட்டால் கத்தும். "டிட்டிட்டூ! தண்ணி வந்தாலும் வரும்! கரையேறுங்க!"

முயலும் பன்றியும் அலறியடித்துக்கொண்டு சுடுமணலில் ஓடும். வெள்ளம் வராது.

ஒருநாள் பன்றிக்குப் பொறுக்கவில்லை. "வருமா, வராதா? ஒண்ணைச் சொல்லு!"

"வரலாம் அண்ணே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"வரலாமாம்! அதுக்கு நான் தூக்கத்தை விடணுமா? இனிமே எங்க பக்கமே வராதே!"

ஆள்காட்டி தனியாகிவிட்டது. அதன் ஜோடியைப் போன கோடையில்தான் வல்லூறு தூக்கிப்போனது. பேச்சுத்துணைக்கு இந்த இருவரை விட்டால் யாருமில்லை. பகலெல்லாம் கூழாங்கற்களுக்கு நடுவே தன் நிழலோடு நடந்தது. பாவம், அதன் தொண்டை பேச்சில்லாமல் வறண்டுபோனது.

முயலுக்கு மனசு கேட்கவில்லை. தாவி வந்தது.

"அக்கா, பன்றி அண்ணன்கிட்ட பேசிட்டேன். கத்தாம இருந்தா நிழலுக்கு வரலாமாம்!"

"கத்தவே மாட்டேன்!" என்றது ஆள்காட்டி.

அன்று காலை முழுக்க முயலும் ஆள்காட்டியும் பேசித் தீர்த்தன. ஆள்காட்டிக்குக் கால் தரையில் படவில்லை. மத்தியானம் முயல் அதன் இறக்கையில் தலைசாய்த்தது.

"நீ பக்கத்துல இருக்கேல்ல அக்கா, இன்னிக்கு நிம்மதியா தூங்குவேன்."

சற்று நேரத்தில் மலையில் இடி உருண்டது.

ஆள்காட்டி வாயைத் திறந்தது. பன்றியைப் பார்த்தது. கத்தினால் மறுபடியும் கூழாங்கற்களோடுதான் வாழ்க்கை. நேற்று வெள்ளம் வரவில்லை. முந்தாநாளும் வரவில்லை. இன்றும் வராமல் போகலாமே!

வாயை மூடிக்கொண்டது. மறுபடியும் இடித்தது. தொண்டைவரை வந்த கத்தலை விழுங்கிவிட்டது.

திடீரென்று ஆற்றின் வளைவில் பெரும் இரைச்சல்! செந்நிற வெள்ளம் மரக்கிளைகளைச் சுமந்து பாய்ந்து வந்தது.

"டிட்டிட்டூ! ஓடுங்க!"

பன்றி எப்படியோ முட்டி மோதிக் கரையேறியது. நிம்மதியில் அயர்ந்து தூங்கிய முயலுக்கு அந்தக் கத்தல் உடனே கேட்கவில்லை. அது கண் திறந்தபோது சுற்றிலும் தண்ணீர். "அக்கா!" என்றது. ஆள்காட்டி மேலே வட்டமிட்டுக் கதறியது. வெள்ளத்தில் இரண்டு காதுகள் ஒருமுறை தெரிந்தன. பிறகு தெரியவில்லை.

"இடிச்சுதா?" என்று கேட்டது பன்றி.

"இடிச்சுது அண்ணே."

"ஏன் கத்தலை?"

பன்றி திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டது.

மறுநாள் மத்தியானமும் இடி உருண்டது. ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. கேட்க அந்த மணலில் யாருமில்லை. அன்று வெள்ளமும் வரவில்லை.

துணை போய்விடுமோ என்று பயந்து சொல்ல வேண்டிய எச்சரிக்கையை விழுங்குகிறவர், கடைசியில் அந்தத் துணையையே இழப்பார்.