எட்டுக் கம்பி சாக்கெட்

"எந்த மடையன் மாட்டினாலும் தப்பாகாத சாக்கெட் ஒண்ணு சொல்லுங்க டீச்சர்."

கேட்டவர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்தெட்டு. மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஆசைக்கு சர்க்யூட் போர்டு செய்யப் பழகுகிறார்.

கற்றுக்கொடுப்பவர் நஸீமா. அவரைவிட இருபது வயது சிறியவர். ஈரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பாடம். சின்னப் பெண்ணைப் போய் டீச்சர் என்கிறாயே என்று மில் சிநேகிதர்கள் கிண்டல் செய்தார்கள். பொன்னுரங்கம் மாற்றிக்கொள்ளவில்லை.

"மடையன்னு யாரைண்ணா சொல்றீங்க?"

"துளசிமணியத்தானுங்க."

நடந்ததைச் சொன்னார்.

தெரிந்தவர் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருக்கிறார். அவருக்குப் பொன்னுரங்கம் ஒரு போர்டு செய்து கொடுத்தார். முட்டைப் பெட்டிக்குள் சூடு ஏறினால் ஹீட்டரை நிறுத்தும் போர்டு. அதில் இரண்டு சாக்கெட். இரண்டும் டெலிபோன் ஒயர் மாட்டுகிற சாக்கெட். ஒன்று சூடு பார்க்கும் சென்சாருக்கு. மற்றது ஃபேனுக்கு.

ஒவ்வொரு ஈடு குஞ்சு பொரித்த பிறகும் பெட்டியைக் கழுவ வேண்டும். அதற்கு இரண்டு ஒயரையும் கழற்ற வேண்டும். அது பண்ணையில் வேலை பார்க்கும் துளசிமணியின் பொறுப்பு.

இந்தத் தடவை அவள் ஒயரை இடம் மாற்றி மாட்டிவிட்டாள். ஃபேன் கரண்ட் ஏறி சென்சார் எரிந்தது. ஹீட்டர் நிற்கவில்லை. அடுக்கி வைத்த அறுநூறு முட்டையும் வெந்துபோயின.

போர்டில் குறையா, ஆளிடம் குறையா என்று முதலாளி கேட்டார். ஆளிடம்தான் என்று பொன்னுரங்கம் சொல்லியிருந்தார். இன்றோடு அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக முதலாளி முடிவு செய்திருந்தார்.

"பதினோரு வருஷமா அங்க இருக்காளாம். இருந்து என்னங்க பிரயோசனம்?"

நஸீமா சால்டரிங் அயர்னால் ஒரு போர்டில் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

தனக்கே ஒரு வழி தோன்றியிருப்பதாகப் பொன்னுரங்கம் சொன்னார். ஃபேனுக்கு அதே டெலிபோன் சாக்கெட் இருக்கட்டும். சென்சாருக்கு இன்டர்நெட் ஒயர் மாட்டுகிற எட்டுக் கம்பி சாக்கெட். அது அகலம் கூடியது. இனி யாரும் மாற்றி மாட்ட முடியாது.

நஸீமா டப்பாவிலிருந்து ஒரு எட்டுக் கம்பி சாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு டெலிபோன் ஒயரை வைத்தார்.

"மாட்டுங்க."

பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே மாட்டினார்.

டிக்.

இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கொக்கியை அழுத்திக் கழற்றி இன்னொரு தடவை மாட்டினார். மறுபடியும் டிக். கழற்றி உள்ளே பார்த்தார். இரண்டு ஓரத்துக் கம்பியும் வளைந்து கிடந்தன.

"முதல் தடவை எதுக்கு இந்த டெலிபோன் சாக்கெட்டை எடுத்தீங்க?"

சுலபமாகக் கிடைக்கிறது என்றார். ஈரக் கையால்கூட மாட்டலாம் என்றார். ஒயர் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும் என்றார்.

"துளசிமணிக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"நாந்தான்."

"என்ன சொன்னீங்க?"

"டிக்குனு கேக்கற வரைக்கும் அழுத்து. கேட்டுதுன்னா..."

நிறுத்திக்கொண்டார்.

நஸீமா கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார்.

"கேட்டா?"

பொன்னுரங்கம் வளைந்த கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரின்னு அர்த்தம்னு சொன்னேன்."

அடுத்து அவர் வேறு சாக்கெட்டுகளைப் பற்றிக் கேட்டார். திருகாணி வைத்தது நல்லதா, கார் ஒயரில் வருகிற மாதிரி ஒரு பக்கம் மட்டும் நுழைவது நல்லதா என்றார்.

"சாக்கெட்டை அடுத்த வாரம் பாக்கலாம்ணா. அவங்களை எத்தனை மணிக்கு நிறுத்தறாங்க?"

பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரைத் தேடக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"முதலாளிங்களா? பொன்னுரங்கம் பேசறேன். துளசிமணி நான் சொன்னபடியேதான் மாட்டியிருக்காளுங்க."